மணற்கரைக் குதிரைக்குக் குளம்பு சீவும் வேலை

எங்கள் குதிரை செவலைக்குக் குளம்பு சீவும் நாள் வந்துவிட்டதா என்பதைக் காலண்டரைவிட அதன் முன்னங்கால் நுனியே சரியாகச் சொல்லிவிடும். நுனி முன்னால் ஓடியிருக்கும். பக்கவாட்டில் குளம்பின் வெளிச்சுவர் விரிந்து, ஓரத்தில் சின்னச் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருக்கும். ஈரமணலில் பதியும் முன்னங்கால் தடம் வட்டமாக இல்லாமல் நீண்டு தெரியும். குதிரைக் குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். கால்மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் மயிர்க்கோட்டில் இன்று பிறக்கும் பகுதி கீழே நுனிக்கு வந்து சேர 9 மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். பொதுவாக 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவச் சொல்வார்கள். எனக்கு ஆறு வாரக் கணக்கு ஒத்துவருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து பச்சைப்புல் கிடைக்கும்போது அதற்கு முன்னாலேயே கை வைக்க வேண்டியிருக்கும்.

நாங்கள் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம். சனி, ஞாயிறுகளில் அரியமான் கடற்கரைக்கு வருகிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செவலை கரையோரம் போய்வரும். மற்ற நாட்களில் தோப்புக்குள் நடை. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: "மணல்லதானே நடக்குது, குளம்பு தன்னால தேஞ்சிரும்." தேயாமல் இல்லை. ஆனால் தேய வேண்டிய இடத்தில் தேய்வதில்லை. கட்டாந்தரையில் நடக்கும் குதிரைக்குக் குளம்பின் விளிம்புதான் முதலில் தரையைத் தொடும், அங்கேதான் தேயும். பொலபொலவென்ற மணலில் கால் உள்ளே இறங்கிவிடுகிறது. மணல், குளம்பின் அடிப்பக்கமான உள்ளடி முழுக்க நிரம்பி எடையைத் தாங்கிக்கொள்கிறது. விளிம்புக்கு வேலையே இல்லை. அதனால் நுனி நீண்டுகொண்டே போகும். நுனி நீண்டால் ஒவ்வொரு அடிக்கும் காலைப் புரட்டி எடுக்க அதிக நேரமாகும். காலின் பின்புற நரம்புக்கு அது சுமை. அதோடு சுவரை உள்ளடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்தும் விடும். அந்தப் பிளவில் மணலும் ஈரமும் ஏறும். மணற்கரையில் குதிரை வைத்திருப்பவருக்குக் குளம்பு வேலை குறைவு என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செவலை எங்களிடம் வந்தபோது அதற்கு நாலு காலிலும் லாடம் இருந்தது. தார் ரோட்டில் வண்டி இழுத்த குதிரை. அந்த வேலைக்கு லாடம் தேவைதான், இல்லையென்றால் விளிம்பு வளர்வதைவிட வேகமாகத் தேய்ந்துபோகும். கடற்கரைக்கு வந்த பிறகு அது உபயோகத்தைவிட உபத்திரவம் ஆனது. உப்புத்தண்ணீரில் ஆணி துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஆணி ஓட்டைக்குள் ஆடும், ஓட்டை பெரிதாகும். ஈரமணல் லாடத்தைப் பிடித்து இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்து தொங்கினால் அடுத்த காலைக் கிழித்துவிடும். அதனால் கழற்றிவிட முடிவு செய்தோம். சுவருக்கு வெளியே மடக்கி விட்டிருக்கும் ஆணி முனைகளை முதலில் அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குறடு. குதிகால் பக்கத்திலிருந்து, இடதும் வலதுமாக மாற்றி மாற்றி, உள்பக்கம் நோக்கி நெம்ப வேண்டும். வெளிப்பக்கமாக முறுக்கினால் சுவர் துண்டாகப் பெயர்ந்து வந்துவிடும். கழற்றிய பிறகு சில வாரம் கல் தரையில் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தது. அந்த நாட்களில் சவாரி கிடையாது, மணலில் நடை மட்டும். ஆணி ஓட்டைகள் கீழே இறங்கி, சீவிச் சீவி மறைய மாதக்கணக்கில் ஆயிற்று.

இதையெல்லாம் நானே செய்யக் காரணம், இந்தப் பக்கத்தில் குதிரைக்கு என்று லாடக்காரர் கிடைப்பது அரிது. மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும் சீமை அல்லவா. ஆனால் மாட்டு வேலை வேறு. மாட்டுக்குப் பிளந்த குளம்பு, ஒரு காலுக்கு இரண்டு தகடு. கயிறு போட்டுத் தரையில் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு அடிப்பார்கள். குதிரையை அப்படிச் சாய்க்க முடியாது. அது மூன்று காலில் நிற்க, நாலாவது காலை நாம்தான் தாங்க வேண்டும். எனக்குக் கத்தி பிடிக்கக் கற்றுத்தந்தது ராமேஸ்வரத்தில் ஜட்கா ஓட்டிய என் சித்தப்பா. ரயிலடியிலிருந்து கோயிலுக்கு ஆள் ஏற்றிய காலத்தில் அவரே லாடமும் அடித்துக்கொள்வாராம்.

இந்தக் கடற்கரைக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு பழையது. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பலில் குதிரைகள் இந்தக் கரைக்கு வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துப்போகின்றன, பராமரிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை என்று குறித்திருக்கிறார். லாடக்காரர்கள் இங்கே வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம். எழுநூறு வருடம் கழித்தும் லாடக்காரரைத் தேடி அலைகிற நிலைமை மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். குளம்பைத் தோண்டிச் சுத்தம் செய்ய வளைந்த கொக்கி, முனை சுருண்ட குளம்புக் கத்தி, சுவரை நறுக்கும் குறடு, 14 அங்குல அரம், ஒரு கம்பி பிரஷ். கொக்கியை மண்டபம் ஊரில் ஒரு பட்டறையில் அடித்து வாங்கிவிட்டேன். குறடும் அரமும் ஆன்லைனில் வாங்கினவை. ஆசாரி வைத்திருக்கும் குறடு இதற்கு ஆகாது, அதன் வாய் சுவரை நசுக்கும், நறுக்காது. மர அரத்தை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் ஒரு குளம்பு முடிவதற்குள் கை விட்டுப்போகும், குதிரைக்கும் பொறுமை போய்விடும்.

காலை வெயில் ஏறுமுன் வேப்பமரத்தடியில் கட்டுவேன். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. மிரண்டு பின்னால் இழுத்தால் உடனே விட்டுவிட முடிய வேண்டும். மச்சான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்வான், முன்னால் ஒரு பிடி கடலைக்கொடி. ஈப் பருவமாக இருந்தால் பக்கத்தில் வேப்பிலைப் புகை போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈயை உதறுகிற சாக்கில் கத்தி பிடித்த கையையும் சேர்த்து உதறும். பங்குனி, சித்திரையில் குளம்பு காய்ந்து இறுகிக் கிடக்கும், கத்தி இறங்காது. அந்த மாதங்களில் முதல்நாள் சாயங்காலமே ஈரச்சாக்கை நனைத்துக் காலில் கட்டிவைப்பேன், அல்லது காலையில் கால்மணி நேரம் நல்ல தண்ணீர் வாளியில் நிறுத்துவேன்.

கால் தூக்குவதற்கு முன்னால் சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதுதான் பாதி வேலை. கணுக்குக் கீழே இறங்கும் சரிவும் குளம்பின் முன்பக்கச் சரிவும் ஒரே கோட்டில் வர வேண்டும். குளம்பிடம் வந்ததும் அந்தக் கோடு சாய்ந்து படுத்துவிட்டால் நுனி நீளம், குதிகால் தாழ்வு. அடுத்து முன்னால் போய்க் குனிந்து இரண்டு முன்னங்கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். உடம்பின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன, அதனால் அங்கே சின்னக் கோணலும் சீக்கிரம் வெளியே தெரியும்.

முன்னங்காலைத் தூக்க அதன் வாலைப் பார்த்து நிற்க வேண்டும். தோளிலிருந்து கையை வழித்துக்கொண்டே இறக்கி, முழங்காலுக்குக் கீழே பின்புற நரம்பை லேசாக அழுத்தினால் தானே தூக்கித் தரும். அதை என் முழங்கால்களுக்கு இடையில் கவ்விக்கொள்வேன். பின்னங்காலைப் பின்னால் இழுத்துத் தொடைமேல் கிடத்த வேண்டும். எந்த நேரத்திலும் தரையில் மண்டியிடக் கூடாது. "ஏப்பா, குதிரைகிட்ட உக்காந்து வேலை பாக்காத, எந்திரிக்க நேரம் இருக்காது" என்று சித்தப்பா முதல் நாளே சொல்லிவிட்டார்.

கொக்கியைக் குதிகாலிலிருந்து நுனி நோக்கித்தான் இழுக்க வேண்டும். குளம்பின் நடுவில் முக்கோணமாக, ரப்பர் பதத்தில் ஒரு மெத்தை இருக்கும். கால்நடை மருத்துவர்கள் ஃப்ராக் என்பார்கள். அதன் இரண்டு பக்கமும் உள்ள பள்ளத்தில்தான் மணல், சாணம், கிளிஞ்சல் துண்டு எல்லாம் தங்கும். ஒருமுறை பள்ளத்துக்குள் நைலான் வலைத்துண்டு சுருண்டு கிடந்தது. கரையில் நடக்கும் குதிரைக்குத் தூண்டில் முள்ளும் பாட்டில் கண்ணாடியும் எப்போது வேண்டுமானாலும் ஏறலாம், அதனால் இந்தத் தோண்டும் வேலை சீவுகிற நாளுக்கு மட்டும் உரியது அல்ல. சவாரிக்கு முன்னும் பின்னும், வேலை இல்லாத நாளிலும் ஒருதரம் செய்துவிட வேண்டும்.

சுத்தம் செய்து கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகு உள்ளடியில் காய்ந்து உதிர்கிற பொருக்கை மட்டும் கத்தியால் எடுப்பேன். உதிராததைத் தொடுவதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளடி அமுங்கினாலோ, இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலோ அங்கேயே கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் உயிருள்ள சதை. மெத்தையில் தொங்குகிற நாரை மட்டும் நறுக்குவேன். அதை அழகாகச் செதுக்கி விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. தரையில் மிதிபடும் அதிர்வைத் தாங்குவதில் அந்த மெத்தைக்கும் பங்கு உண்டு, அதைச் செதுக்கிச் சிறிதாக்குவது யாருக்காக?

அடுத்து குறடு. குதிகாலில் தொடங்கி, சுவரும் உள்ளடியும் சேரும் வெள்ளைக்கோட்டைப் பார்த்துக்கொண்டே நுனிவரை சின்னச் சின்னக் கடியாக நறுக்கிப் போவேன். உள்ளடிக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சுவர் நிற்கும்படி விட்டுவிட வேண்டும். பெரிய கடியாகக் கடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பள்ளம் விழுந்துவிடும். அந்தப் பள்ளத்துக்காக மற்ற இடத்தையெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் குளம்பே குட்டையாகிவிடும். செவலை உயரத்துக்கு மயிர்க்கோட்டிலிருந்து நுனிவரை சுமார் 3 அங்குலம் இருந்தால் நான் நிறுத்திக்கொள்வேன்.

அரம் வைப்பது எனக்குப் பிடித்த வேலை. குதிகாலிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக, அரத்தின் முழு நீளமும் ஓட வேண்டும். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை காலைக் கொஞ்சம் தாழ்த்தி, குதிகால் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் எந்தப் பக்கம் உயரம் என்று தெரிந்துவிடும். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் எப்போதும் கூடுதலாகத் தேயும். தெரிந்திருந்தும் கை அதைத்தான் செய்யும், அதனால் கால் மாற்றும்போது அரம் பிடிக்கும் பக்கத்தையும் மாற்றிவிடுகிறேன்.

கடைசியாகக் காலை முன்னால் இழுத்து என் முழங்கால்மேல் வைத்து, வெளி விளிம்பைச் சுற்றிலும் சாய்வாகத் தேய்த்து உருட்டிவிட வேண்டும். சுவர்க் கனத்தில் பாதிவரை உருட்டலாம். மணற்கரைக் குதிரைக்கு இதுதான் முக்கியமான இடம். தரை தேய்க்காததை அரம் தேய்க்கிறது. விளிம்பு உருண்டிருந்தால் சில்லு பெயராது, நுனியில் கால் புரள்வதும் எளிதாகும். பக்கவாட்டில் விரிந்த சுவரையும் அப்போதே சீர் செய்துவிடலாம், ஆனால் கீழே மூன்றில் ஒரு பங்கு மட்டும். மேல் சுவரை அரத்தால் வழித்துப் பளபளவென்று ஆக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், சுவர் மெலிந்துபோகும். திருவிழா ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புகிறவர்கள் சிலர் அப்படிச் செய்து மேலே கறுப்பு மையும் தடவுவார்கள். சொன்னால் கேட்க மாட்டார்கள்.

நாலு காலும் முடிந்ததும் நடக்கவிட்டுக் காதால் கேட்பேன். கொட்டகை முன்னால் கொஞ்ச தூரம் சிமென்ட் தரை இருக்கிறது. நாலு அடியும் ஒரே சத்தமாக விழுந்தால் நிம்மதி.

மழைக்காலத்துக்கு வேறு கவலை. இந்த மாவட்டம் வறண்ட மாவட்டம்தான், ஆனால் பெய்கிற மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டிவிடும். அப்போது கொட்டகை மண் சாணமும் மூத்திரமும் கலந்து சொதசொதவென்று ஆகும். மெத்தையின் பக்கத்துப் பள்ளத்தில் காற்று புகாமல் அழுகல் தொடங்கும். கொக்கியை இழுத்ததும் கறுப்பாகக் களி வரும், நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்களின் வேலை இது, அதனால் முதல் மருந்து காற்றும் ஈரமில்லாமல் காய்வதும்தான். தொங்குகிற அழுகல் நாரை வெட்டி எடுத்து, பள்ளத்தைத் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, துணியால் ஈரம் ஒற்றி எடுத்து, பொவிடோன் அயோடின் ஊற்றுவேன். பள்ளம் ஆழமாக இருந்தால் மயில்துத்தக் கரைசலில் நனைத்த பஞ்சைத் திரித்து உள்ளே செருகிவிடுவேன். மயில்துத்தம் தோலில் பட்டால் எரிக்கும், ரத்தம் கசியும் பச்சைச் சதையில் வைக்கவே கூடாது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் மேலே தடவலாம், கெடுதல் இல்லை, ஆனால் ஆழத்துக்கு அது போய்ச் சேராது. ஒரு பட்டறையில் பழைய வண்டி ஆயிலை ஊற்றச் சொன்னார்கள். ஈரத்தையும் அழுக்கையும் உள்ளே வைத்து மூடுகிற வேலை அது, நான் செய்யவில்லை. கொட்டகையில் மூத்திரம் தேங்கும் இடத்தை ஒன்றரை அடி தோண்டி ஓடைக்கல்லும் மேலே மணலும் போட்ட பிறகுதான் அழுகல் திரும்பத் திரும்ப வருவது குறைந்தது. மருந்துக்குச் செலவழித்ததை முதலிலேயே அந்தக் குழிக்குச் செலவழித்திருக்கலாம்.

வெயில் காலத்தில் வெடிப்பு. கடல் தண்ணீரில் நனைவதும் சுடுமணலில் காய்வதுமாக ஒரே நாளில் நாலைந்து முறை மாறினால் சுவர் விளிம்பில் கோடு விழும். சவாரி முடிந்ததும் நல்ல தண்ணீரில் கால்களைக் கழுவி நிழலில் நிறுத்துகிறோம். விழுந்த வெடிப்பு ஒட்டாது. மேலிருந்து நல்ல சுவர் வளர்ந்து அதைக் கீழே தள்ள வேண்டும், நாம் நுனியில் வெட்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெடிப்பின் கீழ் முனையில் விளிம்பைக் கொஞ்சம் அதிகமாக உருட்டிவிட்டால் தரை அதைப் பிளந்து மேலே ஏற்றாது. பயோட்டின் சத்து ஒரு நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம் கொடுத்தால் புதிதாக வளரும் சுவர் உறுதியாக வரும் என்று கால்நடை மருத்துவர் எழுதித் தந்தார். கொடுக்கிறோம். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட சுவரை அது மாற்றாது, பலன் தெரிய அரை வருடத்துக்கு மேல் ஆகும்.

இந்த ஊரில் குளம்புக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். கரையைத் தாண்டி எங்கே திரும்பினாலும் அதுதான். காய்ந்த முள் உள்ளடியில் குத்தி உள்ளேயே ஒடிந்துவிடும், வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து உள்ளே சீழ் கட்டியதும் குதிரை திடீரென்று அந்தக் காலை ஊன்ற மறுக்கும், கால் ஒடிந்துவிட்டதோ என்று பயந்துபோவோம். கணுவுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி தட்டித் தட்டித் துடிப்பது தெரியும். குறட்டால் உள்ளடியைச் சுற்றி லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் வெடுக்கென்று காலை இழுக்கும். அந்த இடம்தான். செவலைக்கு அப்படி வந்தபோது மருத்துவர் வந்து சின்னதாகத் திறந்துவிட்டார், கறுப்பாகச் சீழ் வடிந்தது. அதன் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பேதியுப்புக் கரைத்துக் கால் ஊற வைத்து, குழந்தை டயப்பரைக் குளம்பில் மாட்டி மேலே அகலமான டேப் சுற்றிவிட்டோம். பஞ்சுக்கட்டைவிட டயப்பர் நன்றாக நின்றது. டெட்டனஸ் ஊசியைத் தவறவிடக் கூடாது, குதிரையை அந்த நோய் பிடிப்பது மற்ற கால்நடைகளைவிடச் சுலபம். மெத்தைக்குள் ஆணியோ கம்பியோ ஆழமாகக் குத்தி நின்றால் உடனே பிடுங்காமல் மருத்துவரைக் கூப்பிடுவது நல்லது, எந்தத் திசையில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். நடந்தால் இன்னும் உள்ளே போகும் என்கிற நிலைமை இருந்தால் மட்டும் பிடுங்கி, இடத்தைக் குறித்து, கம்பியையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தீவனத்தையும் சொல்லாமல் விட முடியாது, குளம்பு வயிற்றோடு சம்பந்தப்பட்டது. கொள்ளும் தானியமும் அளவு மீறினால் குளம்புக்குள் சுவரைப் பிடித்து வைத்திருக்கும் அடுக்கே வீங்கித் தளர்ந்துபோகும். முன்னங்கால்களை முன்னால் நீட்டி, எடையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நிற்கும். அது அரம் பிடிக்கும் நேரமல்ல, மருத்துவருக்குப் போன் போடும் நேரம். குளம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். கடற்கரையில் மதியம் தொட்டால் எந்தக் குளம்பும் சுடும், விடிகாலையில் நிழலில் நாலையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அர்த்தம் உண்டு. சவாரிக்கு வருகிறவர்கள் ஆசையாகப் பிஸ்கட் பாக்கெட்டையே பிரித்து நீட்டுகிறார்கள். நான் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு கொடுக்கிறேன் என்பேன். வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் லாபம்.

கடைசி வேலை சாமான்களுக்கு. உப்புக்காற்றில் அரம் ஒரே வாரத்தில் சிவந்துவிடும். பல்லிடுக்கில் நிற்கும் குளம்புத் தூளைக் கம்பி பிரஷ்ஷால் தட்டி எடுத்து, தேங்காயெண்ணெய் தடவி, பழைய சைக்கிள் ட்யூபுக்குள் செருகி இரண்டு முனையையும் கட்டி வைக்கிறேன். கத்தியின் சுருண்ட முனையை உருண்டை அரத்தால் உள்பக்கம் மட்டும் தீட்ட வேண்டும். குறட்டின் வாய் மழுங்கியிருக்கிறது, அடுத்த முறைக்கு முன்னால் பட்டறையில் கொடுத்துச் சாணை பிடிக்க வேண்டும். சீவிய துண்டுகளை நாய்களுக்குப் போட்டுவிட்டேன். அதற்காகவே தெருவில் இருக்கிற அத்தனையும் வந்து வேப்பமரத்தடியில் வரிசையில் உட்கார்ந்துவிடுகின்றன.